இடுப்பளவு வெள்ளம்

வெள்ளம் வந்தது டிசம்பரில். அந்த வெள்ளத்தை அளக்க ஆள் வந்தது பொங்கல் முடிந்த மூன்றாம் நாள். நடுவில் கிடந்த ஐந்து வாரத்தில் நாங்கள் செய்த காரியம்தான் இந்தக் கதை. அதில் பெரும்பங்கு என்னுடையது, ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. சிராங்கூன் ரோட்டின் தூரத்து முனையில், ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் இருந்த ஒரு கம்போங்கில், மலாய்க்காரர் சிற்றூருக்குச் சொல்லும் பெயர் அது, நாங்கள் குடியிருந்தோம். தமிழர் வீடுகள் ஒரே வரிசையாகப் பதினொன்று. எல்லா வீட்டிலும் மாடு, இல்லாவிட்டால் ஆடு, பின்னால் கீரைப் பாத்தி. விடிவதற்குள் கறந்த பாலும் பறித்த கீரையும் சைக்கிளில் தேக்கா சந்தைக்குப் போய்விடும். பாத்திகளுக்கு அப்பால் சீனர் வீடுகளும் பன்றிக் கொட்டகைகளும். நான் மட்டும் கட்டட வேலையில் மேஸ்திரி. ஆனால் என் மனைவி சரஸ்வதி எட்டு ஆடுகளும் பத்துப் பாத்திகளும் வைத்திருந்ததால், அரசாங்கக் கணக்கில் எங்கள் வீடும் ஒரு பண்ணைதான்.

வெள்ளம் இரண்டு நாள் நின்றது. மாடுகளை மேட்டு ரோட்டுக்கு ஓட்டிப் பிழைக்க வைத்தோம். கீரை, வைக்கோல், புண்ணாக்கு எல்லாம் போயிற்று. அரிசியும் கம்பளியும் உடனே கொடுத்தார்கள். பண்ணை வைத்திருப்பவர்களுக்கு விதை, உரம், தீவனம் வாங்கத் தனியாகப் பணம் வரும், அதற்கு ஒரு கிராணி, அதாவது அரசாங்க குமாஸ்தா, நேரில் வந்து பார்ப்பார் என்று சொன்னார்கள். என்ன பார்ப்பார்? சுவரைப் பார்ப்பார். இது நல்ல யோசனைதான். வெள்ளத்தில் எத்தனை கோழி போனது என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். தண்ணீர் நின்ற உயரம் மட்டும் சுவரில் சேற்றுக்கோடாக நின்றுவிடும். அதை அடிக்கோலால் அளந்து எழுதிக்கொண்டு போனால் போதும், சண்டை இல்லை.

ஆனால் அந்தக் கிராணி ஒருவர், பண்ணைகள் முந்நூறு. அவர் எங்கள் பக்கம் வருவதற்குள் பொங்கல் வந்துவிட்டது.

பொங்கல் வந்தால் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. அந்த வருஷம் வேறு நான் வேலை செய்த இடத்தில் இரண்டு மூட்டைச் சுண்ணாம்பு மிஞ்சியது. கொண்டுவந்து பதினொரு வீட்டுக்கும் பங்கிட்டேன். சேற்றுச் சுவரைத் தென்னம்மட்டையால் தேய்த்துக் கழுவி, நீலம் கலந்து இரண்டு பூச்சு அடித்தோம். வரிசையே பளபளவென்று நின்றது. மாட்டுக் கொம்புகளுக்கும் வர்ணம் அடித்துப் பொங்கல் வைத்துச் சாப்பிட்டு முடித்த இரண்டாம் நாள்தான், பக்கத்து வீட்டுச் சேதுபதி சைக்கிளை நிறுத்திவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பால் ஊற்றும் மனிதர், ஆறடிக்கு மேல் உயரம், எதையும் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டார்.

"மேஸ்திரி, நாளைக்குக் கிராணி வராராம். ஏதோ சுவத்துல கோடு பாப்பாங்கன்னியே, அது எங்க?"

நானும் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தேன். வெறும் சுண்ணாம்பு.

எல்லாரும் கூடிவிட்டார்கள். சரஸ்வதி, "சுண்ணாம்பு சும்மா கெடச்சுதுன்னு தூக்கிட்டு வந்தாரு. கவர்மெண்ட் குடுக்குற பணத்துக்கும் சேத்து வெள்ளையடிச்சுட்டாரு," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. முக்கியமாகப் பூவம்மா சிரிக்கவில்லை. அவள் கடைசிக்கு முந்திய வீடு. புருஷன் கப்பல் வேலைக்குப் போய் ஆறு மாதமாகக் கடிதம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தான். அவளிடம் இருந்தது கீரைத் தோட்டமும் செவலை என்று ஒரு சினைமாடும்தான். தோட்டத்தில் ஒரு முழம் வண்டல் படிந்து கிடந்தது. அதை வாரி, விதை போட்டு, கீரை தலை தூக்கும் வரை சாப்பிடவும் மாட்டுக்குப் போடவும் கையில் ஒன்றும் இல்லை. மாட்டுத் தரகர் அலீம் பாய் வியாழக்கிழமை லாரியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். செவலையை வாங்கிப் பாலம் தாண்டி ஜொகூரில் விற்பார். பணம் வந்தால் மாடு இருக்கும், வராவிட்டால் மாடு போகும். கிராணி வருவது செவ்வாய்.

"இன்னும் ரெண்டு மாசத்துல கன்னு போடுற மாடு அண்ணே," என்றாள் என்னிடம். திட்டியிருந்தால் தேவலை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கோட்டைத் திரும்பப் போட்டுவிட்டால் என்ன?

"இது பொய்யில்ல," என்று எல்லாருக்கும் விளக்கினேன். "தண்ணி வந்துச்சா? வந்துச்சு. கோடு இருந்துச்சா? இருந்துச்சு. இருந்தத இருந்த எடத்துல வைக்கிறோம்."

வெள்ளக்கோடு போடுவது லேசான வேலை இல்லை. கையால் சேற்றைப் பூசினால் பூசியது போலத்தான் இருக்கும். உண்மையான கோடு எப்படி வருகிறது? வெள்ளம் ஏறும்போது அவசரமாக ஏறுகிறது. உச்சியில் போய்ச் சற்று நேரம் அசையாமல் நிற்கிறது. மிதக்கிற தூசி, துரும்பு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அந்த நேரத்தில்தான் சுவரில் ஒட்டுகின்றன. அதனால் மேல் விளிம்பு கறுப்பாக, கத்தியால் கீறியது போல இருக்கும். அதற்குக் கீழே, தண்ணீர் இறங்க இறங்க, மங்கலாக இரண்டு மூன்று வரிகள். ஆகவே ஆற்று வண்டலைத் துணியில் சலித்தேன். கொஞ்சம் சாணி, கறுப்புக்குப் பழைய காப்பித்தூள். புதுச் சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சிவிடும், சேறு பொருக்குத் தட்டும். அதனால் சுவரை முதலில் நனைக்க வேண்டும். தூரிகை கூடாது, இழை தெரியும். ஈரக் கோணிச்சாக்கால் ஒற்றி எடுக்க வேண்டும். பதினொரு வாளி கரைத்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தேன்.

"எந்த ஒசரத்துல போடுறது?" என்று கேட்டார் சேதுபதி.

"தண்ணி எதுவரைக்கும் இருந்துச்சு?"

"இடுப்பு வரைக்கும்," என்றார்கள் அத்தனை பேரும் ஒரே குரலில். பதினொரு வீட்டுக்காரர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நான் பார்த்தது அன்று மட்டும்தான். மனம் நிறைந்துவிட்டது. இடுப்பு வரைக்கும் போடுங்கள் என்று அனுப்பிவிட்டேன். முப்பது வருஷம் அடிக்கோல் பிடித்த கை இது. அன்றைக்கு ஒரு அடிக்கோலைக் கையில் கொடுக்கத் தோன்றவில்லை பாருங்கள்.

செவ்வாய் காலை கிராணி வந்தார். பெயர் இராஜரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, மூக்குக்கண்ணாடி, சைக்கிள் கைப்பிடியில் தோல் பை. சேதுபதி வீட்டில் ஆரம்பித்தார். அடிக்கோலைத் தரையில் ஊன்றி, "மூண்டடி எட்டு அங்குலம்," என்று எழுதினார். "வீட்டுத் தரையிலையிருந்து மூண்டடிக்கு மேலை எண்டால் நூற்றைம்பது வெள்ளி. மூண்டடிக்குக் கீழை எண்டால் ஒண்டுமில்லை. அதுதான் விதி."

இந்த மூன்றடி விஷயம் எங்களுக்கு அப்போதுதான் தெரியும். நூற்றைம்பது டாலர் என்றதும் சேதுபதி முகம் மலர்ந்தது. அடுத்தது என் வீடு: மூன்றடி நான்கு அங்குலம். கிராணி புருவத்தைத் தூக்கிக்கொண்டே எழுதினார். அப்படியே போய்க்கொண்டிருந்தவர் பூவம்மா வீட்டுக்கு வந்தார். பூவம்மா எங்கள் எல்லாரையும்விடக் குள்ளம்.

"ரெண்டடி ஒன்பது அங்குலம்."

பூவம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

கிராணி சில அடி பின்னால் நகர்ந்து, வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். அங்கிருந்து பார்த்தபோது எனக்கும் தெரிந்தது. பதினொரு கோடுகளும் உயரமும் தாழ்வுமாக, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியது போல நின்றன.

"என்ன காணும், சேதுபதி வீட்டிலை நிமிந்து நிண்ட வெள்ளம் இந்த அம்மா வீட்டிலை குனிஞ்சு நிண்டதோ?"

"எல்லார் வீட்லயும் இடுப்பளவுதான் சார்," என்றார் சேதுபதி.

"நம்புறன். ஆரின்ரை இடுப்பு?"

அவர் நகத்தால் கோட்டைச் சுரண்டினார். சேறு உதிர்ந்தது, அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு. விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"டிசம்பர் வெள்ளம், தை மாசச் சுண்ணாம்புக்கு மேலை ஏறி நிக்குது. அதிலை கோப்பி வாசம் வேறை. நல்ல வெள்ளம்." பேனாவை மூடினார். "எனக்குக் கோபமில்லை. ஆனால் படிவத்திலை 'அடையாளம் கண்டேன்' எண்டு நான் கையெழுத்து வைக்க வேணும். அடையாளம் இல்லை. பதினொரு வீட்டுக்கும் இல்லையெண்டுதான் எழுதுவன்."

"சார், சார், ஒரு நிமிஷம் லா!" என்று முன்னால் ஓடினேன். "எந்தச் சுவத்துல அடையாளம் பாக்கணும்னு படிவத்துல இருக்கா?"

அவர் தாளைப் புரட்டினார். மேலிருந்து கீழ்வரை படித்தார். படிவங்களை மதிக்கிற மனிதர் என்பது அப்போதே தெரிந்தது.

"எந்தச் சுவர் எண்டு இல்லை. வெள்ளத்தின்ரை அடையாளம் எண்டுதான் கிடக்கு."

"அப்ப ஒரு நல்ல கோடு காட்டுனா போதும் சார். அந்த ஒசரத்த நான் இங்க வரைக்கும் தூக்கிட்டு வரேன்."

"உயரத்தை எப்பிடியப்பா தூக்கிக்கொண்டு வருவாய்? வாளியிலையோ?"

"குழாய்ல சார்."

நல்ல கோடு எங்கே இருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். நாங்கள் சுவரைக் கழுவியது பொங்கலுக்காக. சீனர்கள் கழுவுவது அவர்கள் புதுவருஷத்துக்காக. அந்த வருஷம் அது பொங்கலுக்குப் பத்து நாள் கழித்து வந்தது. ஆக, பாத்திகளுக்கு அப்பால் இருந்த சீனர் தியோ வீட்டுச் சுவரில் வெள்ளம் அப்படியே இருக்க வேண்டும்!

எல்லாரும் வண்டலில் கால் புதையப் புதைய ஓடினோம். கிராணி கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசியில். போனால், தியோவின் மனைவி சியூ எங் என்பவள் கையில் தேய்ப்பானோடு நிற்கிறாள். காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். மூன்று சுவர் முடிந்தது, நான்காவதன் மேல் வாளியைச் சாய்க்கப் போகிறாள்.

"ஜாங்கான்! ஜாங்கான் சூச்சி!" என்று கத்தினேன். கழுவாதே என்று மலாய். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஓடிய பாஷை அதுதான்.

ஒரு டஜன் தமிழர்களும் ஒரு கண்ணாடி போட்ட துரையும் தன் வீட்டு அழுக்கைக் காப்பாற்ற ஓடிவருவதைப் பார்த்து அவள் வாளியை இறக்கிவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: பார்த்து முடித்ததும் அந்தச் சுவரை நாங்கள்தான் கழுவித்தர வேண்டும். சேதுபதி ஒத்துக்கொண்டார்.

அந்தக் கோடு அழகான கோடு. மேல் விளிம்பு கறுப்பாக, அடியில் மங்கலாக மூன்று வரி, நடுவில் ஒரு வாத்து இறகுகூட ஒட்டியிருந்தது. நான் எங்கே தவறு செய்தேன் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சரஸ்வதி முதுகில் இடித்தாள்.

குழாய் என்று சொன்னேனே, அது மேஸ்திரிகள் எல்லாரிடமும் இருப்பது. நாற்பதடி ரப்பர் குழாய், இரண்டு முனையிலும் ஒரு சாண் கண்ணாடிக் குழல். உள்ளே தண்ணீர். தண்ணீருக்கு ஒரு குணம்: குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும், பள்ளத்தில் கிடந்தாலும், இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். இந்த முனையைத் தியோ வீட்டுக் கோட்டில் பிடித்தால், அந்த முனையில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ, வெள்ளமும் அங்கேதான் நின்றது. நாற்பதடிக்கு ஒரு மூங்கில் குச்சி நட்டு, அதில் கோடு கிழித்து, அங்கிருந்து அடுத்த நாற்பதடி. ஒன்றே ஒன்றுதான் கவனம்: உள்ளே காற்றுக் குமிழி இருக்கக்கூடாது. ஒரு குமிழி இருந்தாலும் தண்ணீர் பொய் சொல்லும்.

இராஜரத்தினம் முதலில் தியோ வீட்டுக் கோட்டையே சோதித்தார். சுவரின் ஒரு மூலையில் ஒரு முனை, மறு மூலையில் மறு முனை. இரண்டு பக்கமும் கோடும் தண்ணீரும் மயிரிழை பிசகாமல் நின்றன. "இது உண்மையான கோடு," என்றார். அவர் குரல் மாறிவிட்டிருந்தது. அடுத்த முனையைத் தானே பிடிப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

ஐந்து குச்சி நட்டோம். பன்றிக் கொட்டகை ஓரமாக, வாத்துக்குட்டை ஓரமாக, பாத்தி மேலாக. வெள்ளைக் கால்சட்டை முழங்கால் வரை வெள்ளையாக இல்லை. கடைசி நாற்பதடி பூவம்மா வீட்டுக்கு. நான் குச்சியில் பிடித்திருந்தேன். கிராணி அவள் சுவரோடு கண்ணை ஒட்டிவைத்துக்கொண்டு, தண்ணீர் அசைவது அடங்கக் காத்திருந்தார்.

நடுவில் படுத்திருந்த செவலை எழுந்தது. கொம்பில் நீலமும் மஞ்சளும். இரண்டு அடி வைத்தது. மூன்றாவது அடியைக் குழாய் மேல் வைத்தது.

குழாயை நடுவில் அமுக்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் எங்கே போகும்? இரண்டு முனைக்கும் போகும். என் முனை என் சட்டையில். அவர் முனை அவர் கண்ணாடியில்.

"அடியே செவல!" என்று அலறினாள் பூவம்மா. "ஒனக்காகத்தாண்டி இவ்வளவும்!"

இராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மாட்டுக்கு ஜொகூர் பாக்க ஆசை போலை," என்றார். "தண்ணி ஊத்துங்கோ. முதலிலையிருந்து."

மறுபடி தண்ணீர் ஊற்றி, குமிழி போக்கி, தியோ வீட்டுச் சுவரிலிருந்தே ஆரம்பித்தோம். செவலையைச் சேதுபதி கயிற்றோடு கட்டிப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் அடங்கியது. பூவம்மா வரைந்த கோட்டுக்கு மேலே, நல்ல தூரம் மேலே, நின்றது. கிராணி பென்சிலால் குறித்து, அடிக்கோலைத் தரையில் ஊன்றினார்.

"மூண்டடி ரெண்டு அங்குலம்."

"தண்ணி எனக்கு இடுப்புலதானே சார் இருந்துச்சு?" என்றாள் பூவம்மா. அவளுக்கே நம்பிக்கை இல்லை.

"நீங்கள் எவடத்திலை நிண்டனீங்கள்?"

"இங்கதான். மாட்டுக் கயித்தப் புடிச்சுக்கிட்டு, இந்த வாசப்படி மேல..."

கிராணி படியை அளந்தார். சரியாக ஐந்து அங்குலம். பூவம்மாவின் ரெண்டடி ஒன்பதோடு ஐந்தைக் கூட்டினால் மூன்றடி இரண்டு. "உங்கடை இடுப்பிலை பிழையில்லை அம்மா," என்றார். அப்போதுதான் பூவம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவர் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பிறகு வரிசை முழுவதும் குழாய் போயிற்று. சேதுபதி வீட்டிலும் மூன்றடி இரண்டு. இடுப்பு ஆறு அங்குலம் குறைந்தாலும் பணம் குறையவில்லை. வரிசையாக மூன்றடி இரண்டு, மூன்றடி ஒன்று, மூன்றடி இரண்டு. கடைசியில் என் வீடு. நான் பெருமையாகத்தான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டடி பத்து அங்குலம்," என்றார் கிராணி.

"இருக்காது சார். குமிழி இருக்கும்."

குமிழி இல்லை. அவர் குனிந்து என் தரையைத் தட்டிப் பார்த்தார். "சீமெந்துத் தரை. மற்ற வீடெல்லாம் மண் தரை. எவ்வளவு உயர்த்தினனீங்கள்?"

நான்கு அங்குலம். போன வருஷம், வேலை நடந்த இடத்தில் மிஞ்சிய சிமெண்ட்டில் வாசல் திண்ணை வரைக்கும் நானே போட்டது. அளவு தரையிலிருந்துதான். விதியும் அவரே சொன்னதுதான். தண்ணீர் என் வீட்டில் மட்டும் பொய் சொல்லுமா?

"உங்களுக்கு இல்லை, மேஸ்திரி," என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. "ஆனால் குழாய் அருமையான குழாய்."

சரஸ்வதி அன்று மாலை தியோ வீட்டுச் சுவரைக் கழுவ என்னையும் சேர்த்து அனுப்பினாள். அன்றும் மறுநாளும் என்னோடு பேசவே இல்லை.

வியாழக்கிழமை அலீம் பாய் லாரியோடு வந்தார். பூவம்மா தோட்டத்தில் வண்டல் வாரிக்கொண்டிருந்தாள். மண்வெட்டியை வைத்துவிட்டு, சீட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"மாடு விக்கல பாய். கவர்மெண்ட்டு தீவனம் போடுது. கன்னு போட்டதும் வாங்க, சீம்பால் தரேன்."

"சும்மா வந்துட்டுச் சும்மா போகச் சொல்றியேம்மா. லாரி வாடக யார் குடுப்பா?" அலீம் பாய்க்குக் கோபம் இல்லை, ஆனால் காலி லாரி அவரை உறுத்தியது. வரிசையில் கண்ணை ஓட்டிக்கொண்டே வந்தவர் எங்கள் வாசலில் நின்றார். ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள் சரஸ்வதி. நான் உள்ளே சிமெண்ட் தரையில் உட்கார்ந்து குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆடு குடுக்கிறியாம்மா?"

சரஸ்வதி இரண்டு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"ஆடெல்லாம் வேணும் பாய். உள்ள ஒரு மேஸ்திரி உக்காந்திருக்காரு. ஜொகூர்ல யாருக்காவது வீட்டுத் தரைய ஒசத்தணும்னா ஏத்திக்கிட்டுப் போங்க."